ஆர்கியான்: ஊரின் வழியே முன்னோரைத் தேடுவோருக்கான ஜெர்மன் பதிவேட்டுத் தளம்

ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் தங்கள் பழைய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கும் சந்தாத் தளம் ஆர்கியான். அந்நாட்டுப் புராட்டஸ்டன்ட் திருச்சபைக் கூட்டமைப்பும் மாநிலத் திருச்சபைகள் பலவும் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம் இதை 2015 முதல் நடத்தி வருகிறது. என் கணவரின் தாய்வழி முன்னோர் தென்மேற்கு ஜெர்மனியில் முன்பு தனி அரசாக இருந்த வூர்ட்டம்பெர்க்கின் ஷ்வேபிஷ் ஆல்ப் மலைமேட்டில் உள்ள குரூஓர்ன் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர்கள். அவர்களைத் தேடுவதற்காகவே இதில் சேர்ந்தேன். முன்னோரின் பெயரைத் தட்டச்சு செய்து உடனே விடை பெற முடியாது என்பதே இத்தளத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை. அது உண்மைதான். ஆயினும், தேட வேண்டிய ஊர் எது என்று உறுதியாக அறிந்தவருக்கு இதைவிடப் பயனுள்ள இடம் வேறில்லை என்பதும், ஊரை இன்னும் அறியாதவர் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதும் என் தீர்ப்பு.

ஊரைக் கண்டறிவதே இத்தேடலின் முதல் வேலை. பெரும்பாலோர் தடுமாறுவதும் அங்கேதான். நியூஸ்டாட், ஹௌசன், நொய்கிர்ஷன் என்று ஒரே பெயர் கொண்ட ஊர்கள் ஜெர்மனி முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அமெரிக்காவில் இறந்த ஒருவரின் கல்லறையில் ‘வூர்ட்டம்பெர்க்’ என்று மட்டும் பொறித்திருந்தால் அது ஒரு முழு அரசைக் குறிக்குமேயன்றி ஓர் ஊரைக் குறிக்காது. ஹாம்பர்க் துறைமுகம் வழியாகக் கடல் கடந்தவர்களுக்கு 1850 முதல் 1934 வரையிலான பயணிகள் பட்டியல்கள் எஞ்சியுள்ளன; அவற்றில் பலருக்குச் சொந்த ஊரும் குறிக்கப்பட்டிருக்கிறது. பிரேமன் துறைமுகத்தின் பட்டியல்களோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. தென்மேற்கு ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர்கள் பலர் பிரேமன், ஆம்ஸ்டர்டாம், லெ ஆவ்ர் போன்ற துறைமுகங்களையே நாடினார்கள் என்பதால் அவர்களுக்கு வேறு சான்று தேவை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில ஆவணக்காப்பகம் நாட்டை விட்டு வெளியேறும் அனுமதிக் கோப்புகளிலிருந்து தொகுத்துள்ள இலவசப் பட்டியல் அந்த இடத்தில் கைகொடுக்கும்.

ஊர்ப்பெயர் கிடைத்த பிறகு அதை 1912-ஆம் ஆண்டின் மேயர்ஸ் ஊர் அகராதியில் சரிபார்க்க வேண்டும். ஜெர்மானியப் பேரரசின் 2,10,000-க்கும் மேற்பட்ட ஊர்களையும் குக்கிராமங்களையும் தாங்கிய அந்நூல் இப்போது கட்டணமின்றி இணையத்தில் தேடக் கிடைக்கிறது. அந்த ஊருக்குத் தனித் தேவாலயம் இருந்ததா, இல்லையெனில் சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த ஊர்களில் தேவாலயங்கள் இருந்தன என்பதையும் அத்தளம் காட்டுகிறது. ஏனெனில் பதிவேடு இருப்பது சேகரத்தின், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள ஊர்த் தொகுதியின், தலைமை ஊரில். முன்னோர் வாழ்ந்தது அதன் கிளை ஊர் ஒன்றில். 1970-களில் நடந்த உள்ளாட்சிச் சீரமைப்பில் ஆயிரக்கணக்கான ஊர்கள் அண்டை ஊர்களுடன் இணைக்கப்பட்டுத் தம் தனி ஊராட்சி நிலையை இழந்தன. கீசன், வெட்ஸ்லர் ஆகிய இரு நகரங்களை இணைத்து 1977-இல் ‘லான்’ என்று ஒரு நகரம் உருவாக்கி, மக்களின் எதிர்ப்பால் 1979-இல் கலைத்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இன்றைய வரைபடத்தை மட்டும் நம்பித் தேடுவது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

குரூஓர்னின் கதை இன்னும் கடுமையானது. 1895-இல் அமைக்கப்பட்ட மூன்சிங்கன் இராணுவப் பயிற்சிக் களத்தை விரிவாக்குவதற்காக 1937 முதல் 1939 வரை அவ்வூர் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். இன்று அங்கே தேவாலயமும் பள்ளிக்கூடமும் கல்லறைத் தோட்டமும் நிற்கின்றன, வீடுகள் இல்லை. வசிப்பவர் ஒருவரும் இல்லாத ஓர் ஊரின் பல நூற்றாண்டுக் குடும்பங்களை அதன் சபைப் பதிவேடுகளின் வழியாக இன்றும் பெயர் பெயராகப் படிக்க முடிகிறது என்பதே இப்பணியை நான் மனமார மதிப்பதற்கு முதற்காரணம்.

தளத்தின் அமைப்பு எளிது. மாநிலத் திருச்சபை, அதன்கீழ் வட்டம், அதன்கீழ் சேகரம், அதன்கீழ் பதிவேடுகள் என்று படிப்படியாக இறங்கிச் செல்கிறது. எந்தெந்தப் பதிவேடுகள் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை உள்ளன, அவற்றுள் எவை படமாக வெளியாகியுள்ளன என்பதைச் சந்தா கட்டாமலேயே பார்க்கலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் எவரும் பணம் செலுத்தக் கூடாது. வட்டங்களின் எல்லைகள் பழைய நிர்வாகப் பிரிவுகளோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதால், ஓர் ஊர் எந்தக் காலத்தில் எந்த ஆட்சிக்கும் எந்தச் சேகரத்துக்கும் உட்பட்டிருந்தது என்பதை லேயோ-பேவே என்னும் மாநில வட்டார வரலாற்றுத் தளத்தில் முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. பக்கங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவும், குறிப்பிட்ட பக்கத்துக்கு நிலையான இணைப்பு எடுத்து வைக்கவும் வழி உண்டு. படங்களில் பல, பழைய நுண்படச் சுருள்களிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதிகள். மை மங்கிய பக்கங்களில் அவை கண்ணைச் சோதிக்கின்றன.

வூர்ட்டம்பெர்க்கில் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிவு செய்யும் கட்டளை கோமகன் கிறிஸ்டோப் காலத்தில், 1558-இல் வந்தது. ஆயினும் பல ஊர்களில் பதிவுகள் அவ்வளவு பின்னோக்கிச் செல்வதில்லை. முப்பதாண்டுப் போரின்போது (1618–1648), 1634-இல் நோர்ட்லிங்கன் சண்டையில் புராட்டஸ்டன்ட் படைகள் தோற்றபின், படையினரும் பஞ்சமும் கொள்ளைநோயும் அந்நாட்டைச் சூறையாடின. அதில் மக்களோடு பதிவேடுகளும் மடிந்தன. எஞ்சியவற்றைப் படிக்கச் சில பழக்கங்கள் வேண்டும். எழுத்து கூரென்ட் என்னும் பழைய ஜெர்மன் கையெழுத்து. ஜெர்மன் மொழி நன்கு அறிந்தவரும் தனியே கற்றுத்தான் ஆக வேண்டும். பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ விகுதி சேரும் என்பதால் முல்லர் வீட்டுப் பெண் முல்லரின் என்றே பதிவாகியிருப்பார். போதகர் தம் காதில் விழுந்த ஒலியை எழுதியதால் ஒரே குடும்பப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறும். பெயர்வழித் தேடலைத் தரும் வணிகத் தளங்களில் நம்மவர் கிடைக்காமல் போவதற்கு இதுவும், படியெடுத்தவர் கூரென்ட்டைத் தவறாகப் படித்ததும் முக்கியக் காரணங்கள். 1700-இல் புராட்டஸ்டன்ட் பகுதிகள் கிரெகோரியன் என்னும் புதிய நாட்காட்டிக்கு மாறியபோது பிப்ரவரி 18-க்கு மறுநாள் மார்ச் 1 ஆயிற்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வூர்ட்டம்பெர்க்கைச் சேர்ந்தவர்களுக்கு வேறு பலருக்குக் கிடைக்காத ஒரு செல்வம் உண்டு: குடும்பப் பதிவேடு. 1808 முதல் ஒவ்வொரு சேகரத்திலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி எழுத வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. பக்கத்தின் தலைப்பில் கணவன், மனைவி, அவர்களின் பிறந்த நாள், தொழில், இருவருடைய பெற்றோரின் பெயர்கள். கீழே பிள்ளைகள் பிறந்த வரிசையில், பிறப்பு, திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக்கும் சடங்கு), விவாகம், இறப்பு என்று கட்டங்கள். பெற்றோரின் பக்க எண்ணும், மணமாகித் தனிக்குடும்பமான பிள்ளையின் பக்க எண்ணும் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு பக்கம் கிடைத்துவிட்டால் போதும், அந்த எண்களைப் பற்றிக்கொண்டே தலைமுறை தலைமுறையாக மேலேயும் கீழேயும் போகலாம். பல பதிவேடுகளின் இறுதியிலோ தொடக்கத்திலோ போதகர் தம் கையாலேயே எழுதிய பெயர்ப் பட்டியலும் உண்டு. பெயர்த் தேடல் இல்லை என்று குறைப்படுவோர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் செய்தி. புதிதாகத் தொடங்குவோர் ஞானஸ்நானப் பதிவேட்டை விட்டுவிட்டு முதலில் குடும்பப் பதிவேட்டையே திறக்க வேண்டும். அதில் உள்ள தேதிகளைப் பின்னர் மூலப் பதிவோடு ஒப்பிடுவதும் கட்டாயம். ஏனெனில் 1808-க்கு முற்பட்ட விவரங்களைப் போதகர் பழைய ஏடுகளிலிருந்து பெயர்த்தெழுதியிருப்பார்.

பக்கம் பக்கமாகப் படிக்க நேர்வதால் தெரியவரும் செய்திகள் பெயர்த் தேடலில் ஒருபோதும் கிடைப்பதில்லை. ஒரே வீட்டில் பிறந்த குழந்தைகளின் பெயர்களுக்கு எதிரே, ஓராண்டு நிறையுமுன்னரே இறந்த தேதிகள் வரிசையாக நிற்கும். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கும் இட்டிருப்பார்கள். ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோராக யார் யார் நின்றார்கள் என்பதைச் சில தலைமுறைக்குத் தொடர்ந்து பார்த்தால் அந்த ஊரில் எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு நெருங்கியிருந்தது, ஊர்த்தலைவர் யாருக்கு ஞானத்தகப்பனாக நின்றார், கூலிக்காரனின் குழந்தைக்கு யார் நின்றார் என்பதெல்லாம் புலனாகும். 1816, 1817 ஆகிய ஆண்டுகளின் பக்கங்கள் தனிக் கவனத்துக்குரியவை. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் மறு ஆண்டு கோடையே இல்லாமல் போய், வூர்ட்டம்பெர்க்கில் விளைச்சல் அழிந்து பஞ்சம் சூழ்ந்தது. குடும்பச் சொத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கும் வழக்கம் நாட்டின் பெரும்பகுதியில் நிலவியதால் நிலத்துண்டுகள் ஏற்கெனவே சுருங்கியிருந்தன. 1817-இல் அரசின் ஏவலால் பொருளியலாளர் ஃபிரெடரிக் லிஸ்ட், ஹைல்பிரான் வட்டாரத்தில் புலம்பெயர்வோரை நேரில் சந்தித்து ஏன் போகிறீர்கள் என்று விசாரித்துப் பதிவு செய்தார். சமயப் பற்றால் உந்தப்பட்ட சிலர் காக்கசஸ் மலைநாட்டுக்கே சென்று இன்றைய ஜார்ஜியாவிலும் அசர்பைஜானிலும் ஊர்களை நிறுவினார்கள். குடும்பப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் விவாகக் கட்டமும் இறப்புக் கட்டமும் வெறுமையாக இருந்து, பக்கவாட்டில் ‘அமெரிக்காவுக்கு’ என்றோ ‘ருஷ்யாவுக்கு’ என்றோ ஒரே சொல் எழுதியிருந்தால், கடல் கடந்த கிளையின் தொடக்கம் அதுதான்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு செய்தி. 1834-இல் மங்களூரில் பாசல் மிஷன் என்னும் மிஷனரிச் சங்கத்தின் பணியைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சாமுவேல் ஹெபிக், இதே ஆல்ப் மேட்டில் உல்ம் நகருக்கு அருகிலுள்ள நெல்லிங்கனில் 1803-இல் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். திருநெல்வேலியில் சில காலம் பணியாற்றி, பின்னர் மலையாள அகராதி தொகுத்த ஹெர்மன் குண்டர்ட் 1814-இல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். நம் நாட்டுக்கு வந்த இவர்களைப் போன்றோரின் குடும்பப் பின்னணியை ஆராய விரும்புவோரும் இந்த வகைப் பதிவேடுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆர்கியான் தருவது பெயரும் தேதியும் உறவும். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு ஊர் ஆவணங்களுக்குச் செல்ல வேண்டும். வூர்ட்டம்பெர்க்கில் திருமணத்தின்போதும் இறப்பின்போதும் வீட்டிலுள்ள பொருள் அனைத்தையும் கணக்கெடுத்து எழுதும் சட்டம் 1899 வரை இருந்தது. நிலத்துண்டு, மாடு, மெத்தை, பாவாடை, தறி, வேதப்புத்தகம், தீராக் கடன் என்று எல்லாம் விலையோடு எழுதப்பட்ட அந்தச் சொத்துப் பட்டியல்கள் நகராட்சி, ஊராட்சி ஆவணக்காப்பகங்களில் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நேரில்தான் செல்ல வேண்டும். 1824 முதல் 1886 வரை அரசு வெளியிட்ட 64 வட்டார விவரண நூல்களில் ஊர்தோறும் மண், நீர், விளைச்சல், தொழில், மக்களின் வளமும் வறுமையும் விவரிக்கப்பட்டிருப்பதால், முன்னோரின் ஊர் அக்காலத்தில் எப்படி இருந்தது என்பதை அவை கண்முன் நிறுத்துகின்றன. இவை ஜெர்மன் விக்கிமூலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உள்ளூர் ஆர்வலர் எவரேனும் சேகரத்தின் எல்லாக் குடும்பங்களையும் தொகுத்து ஊர்க் குடும்ப நூல் வெளியிட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது எனலாம். கணினி வம்சாவளியியல் சங்கம் அத்தகைய நூல்கள் பலவற்றை இணையத்திலும் வைத்திருக்கிறது.

இத்தளத்தின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது பயன்படாது. அவர்கள் மாத்ரிகுலா தளத்துக்குச் செல்ல வேண்டும். பாசாவ், மூன்ஸ்டர், பாடர்போர்ன் உள்ளிட்ட மறைமாவட்டங்களின் ஏடுகள் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ஆல்ப் மேட்டில் மூன்சிங்கனை அடுத்த பூட்டன்ஹௌசன் போன்ற ஊர்களில் வாழ்ந்த யூதக் குடும்பங்களின் பதிவேடுகளை மாநில ஆவணக்காப்பகம் இலவசமாக வெளியிட்டுள்ளது. 1876 முதலான பிறப்பு, இறப்புகளுக்கு அரசுப் பதிவகத்தை அணுக வேண்டும். பிறப்புப் பதிவு 110 ஆண்டுகளும், திருமணப் பதிவு 80 ஆண்டுகளும், இறப்புப் பதிவு 30 ஆண்டுகளும் கடந்த பின்னரே பொதுவாக ஆவணக்காப்பகத்துக்கு வருகின்றன. வூர்ட்டம்பெர்க்கைப் போல எல்லா மாநிலத் திருச்சபைகளும் முழுமையாக இடம்பெறவில்லை என்பதையும் மனத்தில் கொள்க. கூரென்ட் படிக்கத் தெரியாதவருக்குத் தளம் தானாக எதையும் படித்துச் சொல்லாது. ஆனால் அதன் கருத்துக்களத்தில் அனுபவமுள்ளவர்கள் பலர் பொறுமையாகப் படித்துத் தருகிறார்கள். ஒரு வரியின் படத்தையும் ஊர், ஆண்டு விவரங்களையும் சேர்த்துக் கேட்டால் விடை விரைவாகக் கிடைக்கும்.

சந்தா ஒரு மாதம், மூன்று மாதம், ஓராண்டு என்ற கணக்கில் உண்டு. தளம் தொடங்கிய காலத்தில் மாதச் சந்தா ஏறத்தாழ 20 யூரோவாக இருந்தது; இன்றைய விலையைச் சேருமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். தேடியதும் பெயர்களைக் கொட்டும் தளங்களோடு ஒப்பிட்டு இதை விலை அதிகம் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஊரையும் சேகரத்தையும் இலவசத் தளங்களில் உறுதி செய்துகொண்டு, வேண்டிய பதிவேடுகளின் பட்டியலையும் ஆண்டுகளையும் முன்கூட்டியே எழுதி வைத்து, கூரென்ட் எழுத்தில் ஓரளவு பயிற்சியும் பெற்றபின் ஒரு மாதச் சந்தாவில் தொடங்குவதே சரியான முறை. வூர்ட்டம்பெர்க் குடும்பமாக இருந்தால் அந்த ஒரு மாதத்தில் குடும்பப் பதிவேட்டைக் கொண்டு 1808-ஐத் தாண்டி முந்தைய நூற்றாண்டுக்குள் நுழைந்துவிடலாம். அதன்பின் மூன்று மாதச் சந்தா தேவையா என்பதை, அந்த ஊரின் ஞானஸ்நானப் பதிவேடு முப்பதாண்டுப் போருக்கு முன்னரே தொடங்குகிறதா பின்னரா என்பதைப் பார்த்து முடிவு செய்யலாம்.