ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கப் போகிற நெல்லைக்காரர்கள் கவனத்துக்கு

தங்கச்சி மகள் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் 23,000 ரூபாய்க்கு ரீஃபர்பிஷ்டு லேப்டாப், அதாவது பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்கிற லேப்டாப், எடுத்துக் கொடுத்தோம். "ஐடி கம்பெனி சரக்கு அண்ணாச்சி, பேட்டரி புதுசு, ஆறு மாசம் வாரண்டி, தைரியமா கொண்டு போங்க" என்றார் கடைக்காரர்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ரொம்ப மெதுவாகிறது என்று பிள்ளை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்க ரீசெட் போட்டாள். திரும்ப ஆன் ஆகி வைஃபை கொடுத்ததும், யாரோ ஒரு கம்பெனியின் பெயரும் லோகோவும் திரையில் வந்து, அந்தக் கம்பெனி மெயில் ஐடியைப் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்று நின்றுவிட்டது. விண்டோஸ் ஆட்டோபைலட் என்பார்கள். கம்பெனி தன் லேப்டாப்பை மைக்ரோசாஃப்டில் பதிந்து வைத்திருக்கும், விற்கும்போது அந்தப் பதிவை எடுத்துவிட வேண்டும், எடுக்காமல் விட்டால் ஃபார்மேட் போட்டாலும் போகாது. நெட் இல்லாமல் இன்ஸ்டால் செய்தால் மட்டும் ஒன்றும் காட்டாமல் ஓடும். கடையில் அப்படித்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கொண்டுபோய்க் காட்டினால், "இது சாஃப்ட்வேர் பிரச்சனை, வாரண்டி ஹார்ட்வேருக்குத்தான்" என்கிறார். விற்கும்போது தேன் மாதிரி பேசிய மனுஷன் அன்றைக்கு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்த மெக்கானிக் அடிப்பக்கத்தைக் கழற்றினார். புது பேட்டரி என்றார்களே, பளபளப்பான ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது, அதன் ஓரத்தை நகத்தால் உரித்தால் கீழே பழுப்பேறிய பழைய ஸ்டிக்கர், அதில் 2019 என்று இருக்கிறது.

பழைய லேப்டாப்பே வாங்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கம்பெனிகள் கழிக்கிற பிசினஸ் மாடல்கள் உறுதியானவை, பணம் பற்றாத வீட்டுக்கு அதுதான் வழி. ஆனால் கடையிலேயே உங்கள் கண் முன்னால் ரீசெட் போடச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். நேரமாகும், ஆகட்டும், முடியாது என்றால் அந்தக் கடையே வேண்டாம். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள், டிசைன் கெபாசிட்டி (புதிதில் பிடிக்க வேண்டிய அளவு) எவ்வளவு, இப்போது ஃபுல் சார்ஜில் எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டும் அதில் வரும். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே எடுக்காதீர்கள், விண்டோஸ் 11-க்கு அது வேண்டும், விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

பில் ரொம்ப முக்கியம். சீரியல் நம்பரும், பேட்டரி புதுசு என்பதும், வாரண்டி எதற்கெல்லாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். எங்கள் பில்லில் பேட்டரி புதுசு என்று எழுதி வாங்கியிருந்தோம், அதை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்தாயிற்று. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.