கம்கோடர் வீடியோவை எடிட்டிங்குக்கு மாற்றுவது: கிளிநொச்சியிலிருந்து ஒரு நீண்டகாலப் பாவனை அனுபவம்

என்னிடம் இருப்பது மெமரி கார்டில் பதியும் ஏவிசிஎச்டி கம்கோடர். மீள்குடியேறிய காலத்தில் கனடாவிலிருந்து வந்த அண்ணா கொடுத்துவிட்டுப் போனது. வீட்டுக் கலியாணங்கள், சாமத்தியவீடுகள், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த நாட்கள் எல்லாம் அதில்தான் எடுத்தேன். கமரா இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் எடுத்ததை எடிட்டிங் மென்பொருளுக்குள் ஒழுங்காகக் கொண்டுபோவதுதான் வேலை. அந்த வேலையைப் பல வருடமாகச் செய்ததில் எது நிலைத்தது, எதைக் கைவிட்டேன் என்று எழுதுகிறேன்.

ஏவிசிஎச்டி என்பது சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006 இல் அறிமுகப்படுத்திய பதிவு முறை. படத்தை அழுத்தும் முறை எச்.264, சத்தத்துக்குப் பெரும்பாலும் டொல்பியின் ஏசி-3, கோப்புப் பெயரின் வால் எம்டிஎஸ். அந்த நேரத்து வீட்டு லப்டொப்களுக்கு இது கொஞ்சம் பாரம்தான். சில எடிட்டர்களில் படம் வரும், சத்தம் வராது. சிலவற்றில் இரண்டும் வரும், ஆனால் துண்டுகளை வரிசையாக வைத்து வெட்டும் டைம்லைனில் நகர்த்தினால் படம் திக்கித் திக்கித்தான் ஓடும். இதனால்தான் “கன்வேர்ட் பண்ணினால்தான் சரி” என்ற பேச்சு எல்லா இடத்திலும் பரவியது.

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அது தேவையில்லாத வேலை. எச்.264 படத்தைத் திரும்பவும் எச்.264 ஆக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும், நேரமும் போகும். பல சமயம் படத்தையும் சத்தத்தையும் ஒன்றாகப் பொதிந்து வைத்திருக்கும் கோப்பின் கூடு மட்டும்தான் பிரச்சினை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தைத் தொடாமல் அப்படியே கொப்பி பண்ணி, ஏசி-3 சத்தத்தை மட்டும் ஏஏசி என்ற சத்த முறைக்கு மாற்றி, எம்பி4 அல்லது எம்கேவி என்ற கூட்டில் எடுக்கலாம். ஒரு மணித்தியால வீடியோ சில நிமிடங்களில் முடிந்துவிடும். கட்டளை எழுதப் பயப்படுகிறவர்களுக்கு ஷொட்கட் என்ற எடிட்டர் போதும். அது உள்ளே எஃப்எஃப்எம்பெக்கையே பாவிப்பதால் எம்டிஎஸ் கோப்பை நேரடியாகவே திறக்கும். லப்டொப் திணறினால் புரொக்ஸியை ஓன் பண்ணினால் சரி. சின்னக் கோப்பை வைத்து வெட்டி ஒட்டலாம், கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது அது மூலக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். புரொஃபெஷனல் ஆக்கள் சொல்லும், எடிட்டிங்குக்கென்று குறைவாக அழுத்தும் புரோரெஸ் வகைக்கு மாற்றியும் பார்த்தேன். எடிட்டிங் வெண்ணெயாகத்தான் போகிறது. ஆனால் கார்டில் மணித்தியாலத்துக்கு ஏழரை ஜிபி அளவில் இருந்தது ஐம்பது ஜிபியைத் தாண்டும். அதற்கு ஹார்ட் டிஸ்க் யார் வாங்கித் தருவது?

இனி, கலியாணவீட்டு வீடியோவில் கட்டாயம் வந்து நிற்கும் சங்கதி. மெமரி கார்ட் கோப்புகளை ஃபட்32 என்ற முறையில் அடுக்கி வைப்பதால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பல கம்கோடர்கள் 2 ஜிபியிலேயே முறித்து அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். செக்கனுக்கு 17 மெகாபிட் அளவில் எடுத்தால் ஏறக்குறைய கால் மணித்தியாலத்துக்கு ஒரு முறிவு. அந்த முறிவுக்குத் தாலி கட்டும் நேரம் தெரியாதுதானே! முறிந்த துண்டுகளைத் தனித்தனியாக மாற்றி டைம்லைனில் அடுத்தடுத்து வைத்தால், கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு கணம் சத்தம் விழுந்து எழும்பும். படத்தில் கண்ணுக்குப் படாது, ஆனால் நாதஸ்வரம் தொடர்ச்சியாகப் போகும் இடத்தில் காதுக்கு உடனே பிடிபடும். மச்சாளின் கலியாண வீடியோவைப் பார்த்த மாமி, “தம்பி, மேளகாரருக்கு விக்கல் வந்ததே?” என்று கேட்டார்.

இதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. விண்டோஸின் கொமாண்ட் புரொம்ப்டில் கொப்பி கட்டளையை பைனரித் தெரிவுடன் (/b) கொடுத்து, துண்டுகளின் பெயர்களைக் கூட்டல் குறியால் வரிசையாக இணைத்து, புதிய பெயர் ஒன்றைக் கொடுத்தால் ஒரே எம்டிஎஸ் கோப்பாகிவிடும். மாற்றுவது அதற்குப் பிறகுதான். வீடியோவைத் திரும்ப அழுத்தி மாற்றும் ஹான்ட்பிரேக் என்ற மென்பொருள் துண்டுகளை ஒட்டித் தராது, ஆகவே ஒட்டும் வேலை முதலில் முடிந்திருக்க வேண்டும். கமரா தானாக முறித்த துண்டுகளுக்கு மட்டும்தான் இது சரிவரும். நீங்கள் நிறுத்தித் திரும்பத் தொடங்கிய பதிவுகளை இப்படி ஒட்டினால் நேரக் குறிகள் துள்ளிக் குழப்பம் வரும்.

படத்தைத் திரும்ப அழுத்தியே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்தப் பழைய கம்கோடர்கள் பெரும்பாலும் 50ஐ முறையில் எடுப்பவை. செக்கனுக்கு ஐம்பது அரைப்படங்கள், ஒற்றை வரிகள் ஒரு தரம், இரட்டை வரிகள் மறு தரம். பழைய டியூப் டிவியில் அழகாக இருந்தது, போனிலும் கொம்பியூட்டரிலும் பல்லைக் காட்டும். வற்றாப்பளையில் எடுத்த காவடியைப் பார்த்தால் தெரியும். ஆடுகிறவரின் முகம் தெளிவாக இருக்கும், தோளில் சுழலும் காவடியின் மயிலிறகு விளிம்பு மட்டும் வரி வரியாகப் பிய்ந்து நிற்கும். ஹான்ட்பிரேக்கில் அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் என்ற தெரிவைப் போட்டால் அது போகும். ஆனால் சாதாரணத் தெரிவில் செக்கனுக்கு 25 படமாகிவிட, ஆட்டத்தின் வழவழப்பும் சேர்ந்து போய்விடும். பொப் என்ற தெரிவைப் போட்டு ஃபிரேம் ரேட்டை 50 ஆக வையுங்கள். ஒவ்வொரு அரைப்படமும் முழுப்படமாகி அசைவு அப்படியே நிற்கும். ஹான்ட்பிரேக்கின் தர அளவை (ஆர்எஃப்) 18 முதல் 20 வரை வைக்கிறேன். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். இரவுக் காட்சிகளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருப்பதால் அதே அளவிலேயே கோப்பு ஊதிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். 1440க்கு 1080 என்று பதியும் கமரா என்றால் ஆக்களின் முகம் ஒடுங்கித் தெரிகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் அகலமானது, அந்த விகிதத்தை மென்பொருள் மதிக்க வேண்டும்.

கரண்ட் கதைக்கு வருவோம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள். என்னுடைய லப்டொப் பற்றரியோ கன்வேர்ட் ஓடத் தொடங்கினால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அப்போதுதான் எம்பி4க்கும் எம்கேவிக்கும் உள்ள வித்தியாசம் உறைத்தது. எந்தப் படம் எங்கே என்று சொல்லும் எம்பி4 கோப்பின் அட்டவணை வழமையாக வேலை முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் மிச்சமிருப்பது எந்தப் பிளேயரும் திறக்காத பெரிய குப்பை. எம்கேவி அப்படியில்லை, நின்ற இடம் வரைக்கும் ஓடும். அன்றிலிருந்து நீண்ட கோப்புகளை எம்கேவி ஆகத்தான் மாற்றுகிறேன், முடிந்த பிறகு கூட்டை மட்டும் எம்பி4க்கு மாற்றுவது சில நிமிட வேலை. அப்புறம், ஆடி ஆவணி வெக்கையில் பகலில் கன்வேர்ட் போடாதீர்கள். புரொசசர் முழு வேகத்தில் ஓடும், எங்கள் செம்மண் தூசி விசிறியை அடைத்திருக்கும், சூடேறி மிஷின் தானாக நிற்கும். விசிறியைத் துப்புரவாக்கி, ஹான்ட்பிரேக்கின் வரிசையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் படுப்பது நல்லது.

மாற்றியதும் கார்டை அழித்துவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. வன்னியில் இடம்பெயர்வுக்கு முந்திய குடும்ப வீடியோ கையில் இருக்கும் வீடுகள் குறைவு. அல்பமும் கசற்றும் எங்கெங்கோ போய்விட்டன. பலருக்கு அதற்குப் பிறகு எடுத்ததுதான் முதல் வீடியோ, தகரக் கொட்டிலுக்கு முன்னால் பிள்ளைகள் நிற்கும் அந்த மங்கலான பதிவுகள். அவற்றின் மூலக் கோப்பு இருந்தால், நாளைக்கு நல்ல மென்பொருள் வரும்போது திரும்ப மாற்றலாம். தெரிந்த ஒரு குடும்பம் கடையொன்றில் டிவிடியாக மாற்றி வாங்கிக்கொண்டு கார்டைத் திரும்பப் பாவித்துவிட்டது. இப்போது அவர்களிடம் இருப்பது 720க்கு 576 படம் மட்டும். கார்டில் உள்ள ஏவிசிஎச்டி ஃபோல்டரை உடைக்காமல் முழுதாகவே கொப்பி பண்ணுங்கள். எடுத்த திகதியும் எம்டிஎஸ் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. மாற்றிய கோப்பு அநேகமாக மாற்றிய நாளைத்தான் காட்டும். கார்டை ஃபோர்மட் பண்ணினால் பல கமராக்களில் கோப்புகளின் இலக்கம் பூச்சியத்திலிருந்து திரும்பத் தொடங்கும், ஆகவே ஃபோல்டரின் பெயரில் திகதியையும் விசேஷத்தையும் எழுதிவிடுவேன்.

இப்போது எந்த விசேஷத்திலும் பெறாமக்களின் போன் வீடியோக்களும் வந்து சேருகின்றன. போன் பெரும்பாலும் செக்கனுக்கு 30 படம் என்று சொல்லும், உண்மையில் வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். கம்கோடரோடு சேர்த்து வெட்டினால் போகப் போக உதட்டசைவும் சத்தமும் விலகும். போன் கோப்புகளை மட்டும் ஹான்ட்பிரேக்கில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டுச் சேர்க்கிறேன்.

மினிடிவி என்ற சின்ன டிஜிட்டல் வீடியோக் கசற் வைத்திருப்பவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். அது வேறு கதை. கசற்றை ஓடவிட்டு ஃபயர்வயர் என்ற தனிக் கேபிள் இணைப்பு வழியாக எடுக்க வேண்டும், ஒரு மணித்தியாலக் கசற்றுக்கு ஒரு மணித்தியாலம்தான். ஏறக்குறைய 13 ஜிபி வரும். யுஎஸ்பி கேபிளைக் குத்திவிட்டு வீடியோ வரவில்லை என்று சொல்கிறவர்கள் கவனிக்க: பல மாடல்களில் அந்த யுஎஸ்பி படங்களுக்கு மட்டும்தான். ஃபயர்வயர் கார்ட் பூட்டிய பழைய டெஸ்க்டொப் ஒன்றைத் தேடிப் பிடித்து, வின்டிவி என்ற சின்ன இலவச மென்பொருளைப் போட்டால் போதும். கேபிள் வாங்கும்போது கமராப் பக்கம் நான்கு பின், கொம்பியூட்டர் பக்கம் பெரும்பாலும் ஆறு பின் என்று சொல்லிக் கேளுங்கள்.