எண்ணும் கெடுவுமா, திசை மட்டுமா: இலக்கை அறிவிக்கும் இரு வழிகள்

தலைவர்களும் நிறுவனங்களும் தங்கள் திட்டங்களை அறிவிக்கும் விதம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, இந்த ஆண்டுக்குள் இத்தனை என்று எண்ணையும் கெடுவையும் சொல்லிவிடுவது. மற்றொன்று, 'படிப்படியாக விரிவுபடுத்தப்படும்', 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று திசையை மட்டும் காட்டுவது. பார்வையற்றோருக்கு ஒலிநூல் தயாரிக்கும் சிறிய அறக்கட்டளை ஒன்றின் அறிவிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, 3 ஆண்டுகளில் 300 நூல்கள் என்று எழுதினேன். முடிந்தது 212. ஆயினும் என் சாய்வு இன்னும் முதல் வழியின் பக்கமே.

திசை அறிவிப்பின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: நிலைமை மாறினால் வளைந்து கொடுக்கலாம், யாருக்கும் பிடி கொடுக்க வேண்டியதில்லை. எதை அளப்பது என்றே தெளிவில்லாத புதிய பணிகளில் அதுவே நேர்மையான வழியாகவும் இருக்கக்கூடும்.

என் முடிவைத் தீர்மானித்தது அறிவிப்புக்குப் பிந்தைய பராமரிப்புதான். அதாவது எதை ஒன்றென்று எண்ணுவது, யார் எண்ணுவது, தவறினால் எப்படிச் சொல்வது என்ற மூன்றும். 1961 மே 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் கென்னடி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்குவதோடு நிறுத்தாமல், பத்திரமாகப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவருவதையும் இலக்கிலேயே சேர்த்துச் சொன்னார். ஆகவே அந்த வாக்கு நிறைவேறியது நிலவில் இறங்கிய 1969 ஜூலை 20 அன்றல்ல, விண்கலம் பசிபிக் கடலில் வந்து விழுந்த ஜூலை 24 அன்றுதான். எங்கள் அறிவிப்பில் அப்படியொரு வரையறை இல்லை. பன்னிரண்டு பக்கச் சிறுகதையை ஒருவர் ஒரு நூலாகக் கணக்கிட்டார். பிழை திருத்தாத பதிவுகளை இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். முழு நூலாக, கேட்பவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஒன்று என்று விதி எழுதிய அன்றே பட்டியலில் 31 குறைந்தது.

கெடு மட்டும் இருந்து அளவுகோல் இல்லாவிட்டாலும் பயனில்லை. எல்லோருக்கும் உடல்நலம் என்ற இலக்குக்கு, உலக நாடுகள் கூடி வெளியிட்ட 1978 அல்மா-ஆட்டா பிரகடனம் 2000-ஆம் ஆண்டைக் கெடுவாகக் குறித்தது. ஆனால் சமூக, பொருளாதார வகையில் பயனுள்ள வாழ்வு வாழ இடம்தரும் உடல்நலம் எல்லோருக்கும் என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? மாறாக, வளரும் நாடுகளில் 30 லட்சம் பேருக்கு 2005 இறுதிக்குள் எச்.ஐ.வி. மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் அறிவித்த இலக்கில் ஆளையே எண்ண முடிந்தது. கெடு முடிந்தபோது மருந்து பெற்றவர்கள் சுமார் 13 லட்சம் பேர்தான். அந்நிறுவனத்தின் எச்.ஐ.வி. பிரிவின் தலைவராக இருந்த ஜிம் யோங் கிம் கெடு முடிவதற்கு முன்பே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இரண்டு ஆண்டு தாமதமாக, 2007 இறுதியில் அந்த எண்ணிக்கை ஏறக்குறைய எட்டப்பட்டது. திசையை மட்டும் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவையே எழுந்திராது. எவ்வளவு குறைந்தது என்பதும் யாருக்கும் தெரிந்திராது.

(கெடு மிகத் தொலைவில் இருந்தால் இந்த வாதம் வலுவிழக்கும். 2070-க்குள் நிகரச் சுழிய உமிழ்வு, அதாவது வெளியிடும் பசுங்குடில் வாயுக்களுக்கு ஈடான அளவை அகற்றிவிடும் நிலை, என்று 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. அன்று அங்கே இருந்த தலைவர்களில் எத்தனை பேர் அந்த ஆண்டில் பதில் சொல்ல இருப்பார்கள்?)

எண்ணுக்கும் ஒரு விலை உண்டு. எண்ணிக்கையைக் கூட்டும் அவசரத்தில் எங்கள் தன்னார்வலர்கள் மெலிந்த நூல்களையே எடுத்தார்கள். கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட தடித்த வரலாற்று நூல்கள் அலமாரியிலேயே தங்கின. தவிர, நான் பார்த்தது ஒரேயொரு மூன்றாண்டுச் சுற்றுதான். தேர்தலை எதிர்கொள்ளும் ஓர் அமைச்சருக்கும் இதே வழியைப் பரிந்துரைக்கும் அளவுக்கு அந்த அனுபவம் போதாது.

அடுத்த சுற்றுக்கு 240 என்று எழுதியிருக்கிறோம், அதில் 300 பக்கத்துக்கு மேற்பட்டவை குறைந்தது 60 என்ற நிபந்தனையோடு. பழைய 300-க்குக் கீழே 212 என்ற எண்ணையும் அதே எழுத்தளவில் அச்சிட்டோம்.