உப்புக்கறிக்குப் பொருந்திய ஒயின்: குளோஸ் தே லோஸ் சியேத்தே

சித்திரையில் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் இந்த ஒயினை இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். அங்கே ஒன்று 40 சிங்கப்பூர் வெள்ளிக்குள் கிடைத்ததாம். காரைக்குடியில் நான் பார்த்த டாஸ்மாக் கடைகளில் இது இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவைத்தால்தான் உண்டு.

அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில், ஆண்டிஸ் மலையடிவாரத்தில், ஊக்கோ பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சை. பிரான்சின் போர்தோ பக்கத்து ஒயின் நிபுணர் மிஷேல் ரோலான் தொடங்கியது. 2002 அறுவடைதான் முதல் ஒயின். பெரும்பங்கு மால்பெக் என்ற திராட்சை வகை, கூடவே மெர்லோ, கேபர்னே சாவிஞோன், சிரா, கொஞ்சம் பெத்தி வெர்தோ என்று வேறு வகைகள். மால்பெக்கும் பிரான்சிலிருந்து போனதுதான். 1853 வாக்கில் கப்பலேறி, போன இடத்தில் பிறந்த ஊரை விடப் பெரிய பெயர் எடுத்துவிட்டது. கொண்டுவிற்கப் போனவர்கள் வீட்டில் பிறந்த எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

முதல் கிளாஸ் நன்றாக இல்லை. அதற்கு ஒயினைக் குறை சொல்ல மாட்டேன். அலமாரியில் வெந்துகொண்டிருந்த பாட்டிலை அப்படியே திறந்துவிட்டோம். சாராய நெடிதான் மூக்கில் ஏறியது, பழ வாசனையே தெரியவில்லை. சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடி என்பது குளிர்தேசத்து அறைக்குச் சொன்னது. நம் வீட்டுச் சூட்டுக்கு அது ஆகாது. வாளியில் ஐஸும் தண்ணீரும் போட்டு 20 நிமிஷம் பாட்டிலை முக்கி வைத்தோம்.

அதற்குப் பிறகு வேறு ஒயின்! நடுவில் கறுப்பு, கிளாஸ் விளிம்பில் கத்திரிப்பூ நிறம். நன்றாகப் பழுத்த நாவல்பழ வாசனை, பின்னால் லேசாகக் கொக்கோ. நாக்கில் துவர்ப்பு இருக்கிறது, ஆனால் பிடித்து இழுக்கவில்லை. மெர்லோ சேர்ந்ததால் வந்த மென்மை என்று நினைக்கிறேன். தனி மால்பெக் இரண்டு மூன்று குடித்திருக்கிறேன். இவ்வளவு வழவழப்பு எதிலும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கோழி மிளகு வறுவலோடு சேரவில்லை. மிளகுக் காரத்தின் மேல் ஆல்கஹால் விழுந்ததும் தொண்டை எரிந்தது. ஆச்சி செய்த உப்புக்கறிதான் சரியான ஜோடி. சின்ன வெங்காயம், பூண்டு, விதை தட்டிய வரமிளகாய், உப்பு, அவ்வளவுதான். மசாலாப் பொடி எதுவும் கிடையாது. நல்லெண்ணெயில் சுருண்ட வெங்காயத்தின் இனிப்பை இந்த ஒயின் அப்படியே பிடித்துக்கொள்கிறது. ஆட்டுக்கறியின் கொழுப்பில் துவர்ப்பும் அடங்கிவிடுகிறது. ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின் என்று வீட்டு வளவில் உட்கார்ந்து பத்தரை மணி வரை சாப்பிட்டோம்.

ஒரு எச்சரிக்கை. தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டு விழுந்தது. உடனே துடைத்தும் வெள்ளைப் பூவில் நாவல்பழக் கறை மாதிரி இன்னும் மங்கலாகத் தெரிகிறது. கீழே பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

இந்த விலைக்கு இதைவிட நல்ல கலவை ஒயின் நான் குடித்ததில்லை. மற்ற பாட்டில் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் படுத்திருக்கிறது. தை பிறந்ததும் மச்சான் வருகிறார், உப்புக்கறிக்கு ஆச்சியிடம் இப்போதே சொல்லியாயிற்று.