சுவர்த் தொங்கலுக்கு ஊடு (குறுக்கே நெய்யும் இழை) எது: கைலிக் கீற்றா, உல்லன் நூலா?

குடியாத்தம் பக்கம் கைலித் துண்டுத்துணிக்குப் பஞ்சமே இல்லை. 2 செ.மீ. அகலக் கீற்றாக வெட்டினால் நெசவுச் சட்டம் சீக்கிரம் நிரம்பும். ஓரம் பிசிறும், அதுவும் அழகுதான். ஆனால் கனம். பாவுக்கு, அதாவது சட்டத்தில் நெடுக்கே கட்டும் இழைக்கு, தையல் நூல் போட்டால் அறுந்துவிடும். முறுக்கேறிய பருத்திக் கயிறு, 1 செ.மீ. இடைவெளியில் வேண்டும். புதுத்துணியை முதலில் அலசிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் பிறகு ஈரம் பட்டதும் சிவப்புச் சாயம் பக்கத்து வெள்ளையில் இறங்கும்.

உல்லனில் வளைவு, உருவம் எல்லாம் வரும். பாவு இடைவெளி அரை செ.மீ. போதும். நேரம்தான் இழுக்கும். வரிசையை விறைப்பாக இழுத்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுவில் இடுப்பு விழும். நூலை வில்லாக வளைத்துவிட்டுச் சீப்பால் தட்டுங்கள்.

முதல் தொங்கலுக்குக் கீற்றே மேல். அடியில் மட்டும் 3 செ.மீ. உல்லனில் நெய்துவிட்டால் கீற்று சரியாது.