பழைய வீட்டு வயரிங்: போர்டை மட்டும் மாற்றுவதா, முழுசாக உருவிப் போடுவதா?

ஊர்ப்புறத்தில் நாற்பது வருஷம் தாண்டிய வீடு வைத்திருப்பவர்கள் என்றாவது ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். பிளக்கில் கை பட்டால் சுருக்கென்கிறது, மழை நாளில் சுவரைத் தொட்டால் விர்ரென்கிறது, ஃபியூஸ் மாதத்துக்கு மூன்று தடவை போகிறது. யாரைக் கூப்பிட்டுக் காட்டினாலும் இரண்டு யோசனைதான் வரும். ஒன்று, பழைய ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிவிட்டு எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) வைத்த புது போர்டு மாட்டுவது, வயரை அப்படியே விட்டுவிடுவது. இன்னொன்று, வயரையும் மொத்தமாக உருவிப் போட்டுப் புதிதாக இழுப்பது. நான் முதலாவதைச் செய்து, ஒன்றரை வருஷம் அதோடு மல்லுக்கட்டி, அப்புறம் இரண்டாவதுக்குப் போனவன். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள், முழு வயரிங் பக்கம்தான் சாய்வேன்.

போர்டு மட்டும் மாற்றுவதில் உள்ள வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே நாளில் வேலை முடியும், சுவரில் கை வைக்க வேண்டாம், செலவு குறைவு. எனக்கு முழு வயரிங்குக்கு ஆனது போர்டுச் செலவைப் போல நாலு மடங்குக்கு மேல். வீட்டைப் பாதி காலி செய்து ஒரு வாரம் தூசியில் குடியிருந்தோம். கையில் பணமில்லாதவர்கள் முதலில் போர்டை மாற்றுவதில் தப்பே இல்லை, கட்டை ஃபியூஸோடு இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். கட்டையில் கம்பி அடிக்கடி போகிறதென்று யாரோ ஒருவர் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போயிருப்பார், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம் அது ஃபியூஸே இல்லை.

ஆனால் எம்சிபி வைத்துவிட்டால் ஆளுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். எம்சிபி காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. ஊர்ப்புற வீடுகள் பலவற்றில் எர்த்து என்பது நம் வீட்டுப் பக்கத்திலேயே மண்ணில் இறக்கிய கம்பிதான். மண் காய்ந்திருக்கும் காலத்தில் அதன் தடை 20 ஓம் இருந்தால்கூட நல்ல எர்த்து என்றே சொல்வார்கள். இப்போது வாஷிங் மெஷினின் உடம்பில் 230 வோல்ட் ஃபேஸ் பட்டுவிட்டது என்று வையுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது சாதாரண லோடு, அசையாமல் நிற்கும். மெஷின் உடம்பில் முழு மின்சாரமும் அப்படியே இருக்கும், யாராவது வந்து தொடும்வரை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆர்சிசிபிதான் இங்கே உயிர் காப்பது. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். ஆக, ஊர்ப்புற வீட்டில் ஆர்சிசிபி கட்டாயம். இதில் இரண்டு வழிக்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு எங்கே என்றால், அந்த ஆர்சிசிபி அஞ்சு வருஷம் கழித்தும் வேலை செய்துகொண்டு இருக்குமா என்பதில். நான் முழு வயரிங்குக்குப் போனதற்கு இந்த ஒன்றுதான் காரணம்.

பழைய வயரிங்கில் கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக எங்கெங்கோ கசிந்துகொண்டிருக்கும். கட்டை ஃபியூஸ் காலத்தில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆர்சிசிபி கண்டுகொள்ளும். எங்கள் வீட்டில் வெயில் காலம் முழுக்க ஒரு தொல்லையும் இல்லை. முதல் மழைக்கு ஆரம்பித்தது. ராத்திரி பத்து மணிக்கு ட்ரிப், இரண்டு மணிக்கு ட்ரிப். தூக்கிவிட்டால் சில சமயம் நிற்கும், சில சமயம் உடனே விழும். பழைய வயரிங்கில் ஹாலுக்கும் அடுக்களைக்கும் நியூட்ரலை ஒரே முடிச்சில் சேர்த்து முறுக்கியிருந்ததால் பகுதிக்கு ஒரு ஆர்சிசிபி என்று பிரிக்கவும் முடியவில்லை, பிரித்தால் ஒன்றின் வழியாகப் போன கரண்ட் இன்னொன்றின் வழியாகத் திரும்பி, ஒரு விளக்கைப் போட்டாலே விழுந்துவிடும். ஆகவே வீடு முழுக்க ஒன்றே ஒன்று. பின்சுவரில் ஈரம் என்றால் முன்னறை ஃபேன் முதல் ஃபிரிட்ஜ் வரை எல்லாம் அணையும். மூன்றாவது வாரம் நான் ஊரில் இல்லாதபோது, வயதானவர்கள் புழுக்கத்தில் தவிக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்த ஒருவர் வந்து ஆர்சிசிபியைத் தாண்டி நேராக வயரைக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். நான் அதைக் கவனித்தது நாலு மாதம் கழித்து. அந்த நாலு மாதமும் போர்டில் ஆர்சிசிபி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது, எதையும் காக்காமல்.

அப்புறம்தான் மெகர் (வயரின் மேலுறை கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கருவி) வைத்து அளக்கச் சொன்னேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பல்பு, பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரின் கைப்பிடியைச் சுற்றினால், ஒவ்வொரு லைனின் இன்சுலேஷனும் எத்தனை மெகாஓம் என்று முள் சொல்லிவிடும். ஒரு மெகாஓமாவது வேண்டும், புது வயர் நூற்றுக்கணக்கில் காட்டும். எங்கள் முன்னறை லைன் தேறியது. அடுக்களை லைன் கால் மெகாஓம். பின்சுவர் லைனில் முள் பூச்சியத்தை விட்டு நகரவே இல்லை. மரச்சட்டத்தின் மேல் ஓடிய வயரை நான் இழுத்துப் பார்க்கப் போனேன். "தொடாதீங்க சார், தொட்டா உதிரும்" என்றார் வயர்மேன். சொன்ன மாதிரியே, மேலே சுற்றியிருந்த ரப்பர் காய்ந்த மரப்பட்டைபோல விரலில் பொடியாகி விழுந்தது, உள்ளே கம்பி பளபளவென்று தெரிந்தது. அதற்கு இரண்டடி தள்ளி ஒரு இடத்தில் எலி கடித்து, இரண்டு கம்பியும் தொடாமல் ஒரு நூலளவு இடைவெளியில் நின்றன. மேலே ஓடு தாங்கும் மரச்சட்டம், பக்கத்தில் ஒட்டடை. புது போர்டு ஒன்றரை வருஷமாக இதைத்தான் "காத்துக்கொண்டு" இருந்திருக்கிறது.

எனவே என் கருத்து இதுதான்: மெகரில் எல்லா லைனும் தேறினால், வயர் பிவிசி உறை போட்ட செம்பாக இருந்தால், மூன்றாவது கம்பியாக எர்த்து ஒவ்வொரு பிளக்குக்கும் வந்திருந்தால், போர்டை மட்டும் மாற்றுங்கள், வீண் செலவு வேண்டாம். ரப்பர் அல்லது துணி சுற்றிய வயர் என்றால் யோசிக்கவே வேண்டாம், உருவிவிடுங்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் ஈரம் படும் அறைகளை முதலில் எடுங்கள்.

முழு வயரிங்கிலும் சுவரை வெட்டிப் புதைப்பதா, வெளியே பைப்பில் ஓட்டுவதா என்று ஒரு கேள்வி வரும். பழைய மண் சுவருக்கு வெளிப் பைப்தான். பார்க்க அழகில்லை என்று வீட்டில் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் நாளைக்கு ஒரு கோளாறு என்றால் எந்த வயர் எங்கே போகிறதென்று கண்ணால் பார்க்கலாம், இன்னொரு கம்பி சேர்த்து இழுக்கலாம். விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பெரிய பிளக்குக்கு 2.5, தண்ணீர் சூடாக்கும் கருவிக்குத் தனியாக 4 என்று இழுத்தோம். இப்போது ஆர்சிசிபி மூன்று. பின்பக்கம் விழுந்தால் பின்பக்கம் மட்டும் அணையும், யாருக்கும் அவசரமில்லை, யாரும் நேராக வயர் கொடுக்க வரமாட்டார்கள். இரண்டு மழைக்காலத்தில் ஒரே ஒரு தடவைதான் விழுந்தது. பழைய மிக்சியில் கசிவு, அதைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் அதைப் பழக்கியிருக்கிறேன். பட்டன் கருவியைத்தான் சோதிக்கும், எர்த்தை அல்ல, அதனால் கோடையில் எர்த்தைத் தனியாக அளக்கச் சொல்கிறேன்.

இடி மின்னலுக்காகப் போர்டில் ஒரு சர்ஜ் தடுப்பானும் (திடீரென்று எகிறும் வோல்டேஜை உள்ளே விடாமல் தடுப்பது) வைத்தோம். அதைப் பற்றி அடித்துச் சொல்ல என்னிடம் அனுபவம் போதாது, இதுவரை டிவி, ஃபிரிட்ஜ் எதுவும் போகவில்லை, அவ்வளவுதான். கிணற்று மோட்டார் லைன் மட்டும் இன்னும் பழையது. பணம் அங்கே வந்து முடிந்துவிட்டது. அதை வீட்டு போர்டிலிருந்து பிரித்துத் தனி ஆர்சிசிபியில் விட்டிருக்கிறோம், மழை பெய்தால் அது விழுகிறது, காய்ந்த பிறகே தூக்கிவிடுகிறோம். அடுத்த கோடைக்குள் அந்த வயரையும் மாற்றிவிட வேண்டும்.