மூன்றாண்டுப் பயன்பாடு: ஓலெட்டும் புரொஜெக்டரும் சரி, அந்த 20 மி.மீ. குழாய்தான் சரியில்லை

சிங்கப்பூரில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பிக்கும் நண்பர் ஒருவர், "ஓலெட் டிவி வாங்கலாமா, புரொஜெக்டர் வாங்கலாமா?" என்று கேட்டார். ஓலெட் (OLED) என்பது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் டிவி வகை. எங்கள் கூடத்தில் இரண்டும் மூன்று ஆண்டாக ஓடுகின்றன. சுவரில் 65 அங்குல ஓலெட், அதற்கு முன்னால் மேலிருந்து இறங்கும் 100 அங்குலத் திரை, எதிர்ப்பக்கக் கூரையில் 4கே புரொஜெக்டர். நண்பருக்குச் சொன்ன பதில்: எதை வாங்குவது என்பது அடுத்த மாதம்கூட முடிவாகட்டும். கேபிள் செல்ல எலக்ட்ரிஷியன் எத்தனை மில்லிமீட்டர் குழாய் போடப்போகிறார் என்பதை இன்றே கேளுங்கள்.

வழக்கமாகப் போடுவது 20 மி.மீ. பிவிசி குழாய். மின்கம்பிக்கு அது தாராளம். ஆனால் புரொஜெக்டருக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ (HDMI) கேபிளின் பிளக்கில் உலோக முனை மட்டுமே 14 மி.மீ. அகலம், பிளாஸ்டிக் உறையையும் சேர்த்தால் 20 மி.மீ.யைத் தொடும். குழாயின் உள்விட்டமோ சுமார் 17 மி.மீ.தான். பிளக் நுழையாது என்று தெரிந்ததும், கேபிளைக் குழாயே இல்லாமல் பொய்க்கூரைக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். மூடிய அன்று அழகாகத்தான் இருக்கும். கேபிள் செத்தால் பலகையை அறுத்து, புது கேபிள் போட்டு, பட்டி பூசி, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். போன மாதம் எங்கள் வீட்டில் அத்தனையும் நடந்தது. 20-க்கும் 25-க்கும் குழாய் விலையில் இருக்கும் வித்தியாசம் அற்பம் என்பதால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கேபிள் ஏன் சாகிறது? டிவி அலமாரியிலிருந்து சுவரேறி, கூரை வழியே புரொஜெக்டரை அடைய எட்டிலிருந்து பத்து மீட்டர் ஆகும். சாதாரணச் செம்பு கேபிளில் 4கே 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை மாறும்) படம் ஐந்து மீட்டருக்கு மேல் நம்பிக்கையாக வராது. அதனால் ஒளியிழை கேபிள் போடுகிறோம். அதில் படம் போவது முடிபோன்ற கண்ணாடி இழைகளில். கூரை மூலையில் செங்குத்தாக மடித்து, கட்டுப்பட்டையால் இறுக்கினால் இழை நாளடைவில் விரிசல் விடும். அடையாளம் இதுதான்: படம் அனுப்பும் மீடியா பெட்டி புரொஜெக்டரைக் கண்டுகொள்ளும், 4கே என்றுகூடச் சொல்லும், ஆனால் படம் வராது. கண்டுகொள்ளும் தகவல் தனியாகச் செம்புக் கம்பியில் போகிறது. படம் போகும் இழை முறிந்துவிட்டது. இது தெரியாமல் புரொஜெக்டரைக் கழற்றிப் பழுதுபார்க்கக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

ஆகவே குழாய் 25 மி.மீ.க்குக் குறையக்கூடாது, இடமிருந்தால் 32. மூலையில் எல்போ (செங்கோண இணைப்பு) வேண்டாம், குழாயையே பெரிய வளைவாக வளைக்கச் சொல்லுங்கள். பிறகு புது கேபிளை இழுக்க, உள்ளே ஒரு நைலான் கயிறு நிரந்தரமாகக் கிடக்கட்டும். 25 மி.மீ. வளைவிலும் முழு பிளக் சிக்கும். முனை கழலும் வகைக் கேபிள் வாங்கினால் உள்ளே போவது சின்ன மைக்ரோ முனை மட்டும். ஒளியிழை கேபிளுக்குத் திசை உண்டு. எந்த முனை பெட்டிக்கு, எது புரொஜெக்டருக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். மாற்றி இழுத்தால் படமே வராது. இழுப்பதற்கு முன் தரையில் விரித்துப் போட்டு, ஒரு முழுப் படம் ஓடவிட்டுப் பாருங்கள்.

டிவி மாட்டும் சுவர் பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் போர்க்காலப் புகலிட அறை) சுவராக இருந்தால் கேபிளுக்காக அதைக் குடையவே முடியாது. முன்னால் ஒரு மரப்பலகைச் சட்டம் வைத்து அதன் பின்னால் கொண்டுபோவதே வழி.

புரொஜெக்டரின் பிடியைப் பொய்க்கூரைப் பலகையில் திருகாதீர்கள். விசிறி சுழலும்போது பலகை அதிரும், எழுத்துகள் துடிக்கும். நீளமான குழாய்ப் பிடி வாங்கி கான்கிரீட்டில் போல்ட் அடிக்க வேண்டும். இறங்குதிரையில், திரையை விறைப்பாகப் பிடிக்கும் பக்கவாட்டு இழுகயிறு உள்ளதையே வாங்குங்கள். மற்றவை ஏர்கான் காற்றில் அலையடித்து, கேமரா நகரும்போது கட்டடங்கள் நெளியும். சாம்பிராணிப் புகையும் தாளிப்பு எண்ணெயும் புரொஜெக்டரின் காற்று வடிகட்டியில் படியும். மாதம் ஒருமுறை மென்மையான தூரிகையால் தட்டுங்கள்.

வெளிச்சம்: புரொஜெக்டரின் 2000 ஆன்சி லூமன் ஒளி 100 அங்குலத் திரையில் பரவினால், திரையில் விழும் வெளிச்சம் சுமார் 720 லக்ஸ். இரவுக்கு அது அமோகம். ஐபிஎல் பிற்பகல் ஆட்டம் இங்கே மாலை ஆறு மணிக்குத் தொடங்கும், சூரியன் மறைவதோ ஏழு மணிவாக்கில். மெல்லிய பகல் திரைச்சீலை மட்டும் இருந்தால் முதல் பத்து ஓவர் பால்போல வெளுத்துத் தெரியும்.

ஓலெட்டில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, படம் நகர்வது அவ்வளவு துல்லியம். ஒரே எச்சரிக்கை: படுக்கப்போகும் முன் சுவர் சுவிட்சை அணைக்கும் நம் பழக்கம் இதற்கு ஆகாது. நான்கு மணி நேரம் ஓடியபின், ரிமோட்டில் அணைத்த நிலையில்தான் அது தன் பிக்சல்களைச் சமன்செய்துகொள்ளும். மின்சாரமே இல்லையென்றால் அது நடக்காது. வசந்தம் டிவியின் சின்னமும் கிரிக்கெட் ஸ்கோர் பட்டையும் மெல்லப் பதியத் தொடங்கும். இடி மின்னல் அன்று மட்டும் சுவிட்சைத் தொடுங்கள்.

இவ்வளவு சொன்னபின், ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் புரொஜெக்டரைத்தான் வைத்துக்கொள்வேன். தீபாவளி இரவில் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து பார்க்க, திரையில் முகங்கள் மனித முகம் அளவுக்கு மேல் பெரிதாக நிற்கும் அந்தக் கூடத்தை 65 அங்குலம் தராது. ஆனால் உங்கள் கூரை ஏற்கெனவே 20 மி.மீ. குழாயோடு மூடப்பட்டுவிட்டதென்றால், ஓலெட் வாங்கிக்கொள்ளுங்கள்.